தங்கள் முதுகிலுள்ள மச்சம் தொடர்பாக

ஆம்பூர்,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி உயர்திரு. வேலாயுதம் அவர்களின் சமூகத்துக்கு ஆம்பூர் பஞ்சாட்சரம் பணிவுடன் எழுதிக்கொண்டது.

மேலே 'சம்பந்தி' என்ற சொல்லை எழுதி, அடித்து, 'ஐயா' என்று மாற்றி, அதையும் அடித்து, மறுபடி 'சம்பந்தி' என்றே எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தலோடு கடிதம் அனுப்புவது மரியாதை அல்ல என்று அறிவேன். புதுத் தாள் எடுத்தால் அந்தச் சொல்லைப் பற்றி மீண்டும் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும் என்பதால் இதையே அனுப்புகிறேன். காவேரிப்பாக்கத்தில் தாங்களும் தங்கள் இல்லத்தரசி பாக்யலட்சுமி அம்மாளும் சிரஞ்சீவி செல்வகுமாரும் சுகமாகவும், ஏரி நிறைந்தும் இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் சுகம். என் மனைவி மீனாம்பாள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லையாதலால் அவள் சுகம் குறித்துத் தகவல் இல்லை. பார்ப்பதற்குச் சுகமாகத்தான் இருக்கிறாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போது 'ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்' என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பது நம் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்த லெட்டர் எந்தக் காலத்திலும் எந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தாங்கள் என்னுடைய சட்டையை அணிந்துகொண்டு, காருக்குள் ஒரு காலை வைத்தபடி, அதே வாக்கியத்தைச் சொன்னீர்கள். ஆகவே வரப்போகாத அந்தக் கடிதத்துக்கு நான் முந்திக்கொண்டு பதில் எழுதுகிறேன். நனையாத தங்கள் முதுகை நான் ஏன் துடைத்தேன், துடைத்தபின் ஏன் கேட்டைச் சாத்தச் சொன்னேன், தங்களைப் பார்த்து ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்பதற்கெல்லாம் விளக்கம் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்தான். ஒரு புத்தகம்.

'எட்டாம் வகுப்பு, ஒ பிரிவு' என்பது அதன் பெயர். என் மகள் ஹேமலதாவுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, வேலூரில் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் அவளுக்காக வாங்கினேன். முன்பக்கங்கள் கிழிந்திருந்தன, ஆகவே எழுதியவர் யார், தமிழில் பெயர்த்தவர் யார் என்பது தெரியாது. இன்று யாரையும் நேரில் போய்த் திட்ட வழியில்லாமல் இருப்பதற்கு அதுவே காரணம். எங்கோ பனி கொட்டும் ஊரில் மலைமேல் ஒரு பள்ளிக்கூடம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சாதாரண விடுதிப் பள்ளி. உள்ளே பிள்ளைகளை ஒற்றர்களாகத் தயார் செய்கிறார்கள். கணக்கு, பூகோளத்தோடு பூட்டுத் திறப்பதும், பின்தொடர்வதும், முகம் மாறாமல் பொய் சொல்வதும் பாடத்திட்டத்தில் உண்டு, பரீட்சையும் உண்டு. அங்கே போய்ச் சேர்கிற மார்த்தா என்ற சிறுமியின் கதை அது. தலைமையாசிரியர் பெயர் கர்னல் விப்பிள். ஹேமலதா ஒரே மாலையில் படித்து முடித்து, 'நல்லாருக்குப்பா' என்று என் கையில் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அதோடு அந்தப் புத்தகம் முடிந்தது. எனக்கு முடியவில்லை. வேலையில் இருந்த காலத்தில் வருடத்துக்கு ஒரு தடவை படித்தேன். ஓய்வு பெற்ற பிறகு வருடம் என்பது நீளமாகத் தெரிந்ததால் அடிக்கடி படிக்கிறேன். ஒவ்வொரு முறையும் புரியாத பகுதிகள் அப்படியே புரியாமலே இருந்தன. உயர்ந்த இலக்கியம் அப்படித்தான் இருக்கும் என்று மரியாதையாக விட்டுவிட்டேன்.

கதையின் நடுவில் கர்னல் விப்பிள் மார்த்தாவைத் தனியே அழைத்து, 'நம் பள்ளிக்குள் ஒரு மச்சம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை யாரையும் நம்பாதே' என்கிறார். பிறகு, 'நல்ல மச்சம் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும்' என்கிறார். 'மச்சம் நமக்கு மிக நெருக்கமான இடத்தில்தான் இருக்கும். நாம் அங்கே பார்ப்பதில்லை' என்கிறார். இவற்றை எங்கள் வீட்டிலிருந்த சாமுத்திரிகா லட்சண நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு முரண்பாடும் இல்லை. மேல்நாட்டில் ஒற்றர்களை மச்சத்தை வைத்து அடையாளம் காண்கிறார்கள் என்றும், ஆகவே பகைவர்கள் மச்சத்தை மறைத்து வைக்கிறார்கள் என்றும் விளங்கிக்கொண்டேன். ஒரே ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. 'அன்று மாலை அந்த மச்சம் எல்லோருக்கும் தேநீர் கொடுத்துவிட்டுச் சிரித்தது.' பக்கத்து வீட்டு முனீர் அகமதுவிடம் கேட்டேன். அவர் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். என்னிடம் இரவல் வாங்கி அந்தப் புத்தகத்தைப் பல தடவை படித்தவர். 'மச்சம் எப்பிடிப்பா டீ குடுக்கும்?' என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். வெள்ளைக்காரன் எழுத்தில் அப்படி உவமைகள் வரும் என்றேன். அவர் தாடியைத் தடவி, 'ஜாஸ்தி படிச்சவன் எழுதனது, இருக்கும்' என்றார்.

இந்த இடத்தில் தாங்கள் என் உத்தியோகத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷூ ஃபேக்டரியில் நான் தோல் பரிசோதகனாக இருந்தேன். வந்து இறங்குகிற தோலை வடக்கு ஜன்னல் ஓரத்தில் விரித்துப் போட்டு, லென்ஸைக் கண்ணில் வைத்து, உண்ணிக் கடி எங்கே, முள் கீறல் எங்கே, சூடு போட்ட தழும்பு எங்கே என்று பார்த்து கிரேடு போடுவது என் வேலை. நேர் வெயிலில் தோல் பொய் சொல்லும். வடக்கு வெளிச்சத்தில் சொல்லாது. ஆயுள் முழுக்க அப்படிப் பார்த்த ஒருவனிடம் 'இங்கே ஒரு மச்சம் இருக்கிறது, கண்டுபிடி' என்றால் அவன் தோலில்தான் தேடுவான். நான் வக்கீலாக இருந்திருந்தால் வேறு எங்காவது தேடியிருப்பேன்.

தங்கள் வீட்டு ஜாதகம் தரகர் மூலம் வந்தபோது நான் புத்தகத்தின் நடுப்பகுதியில் இருந்தேன். ஜாதகம் பொருந்தியது. பொருத்தம் அளவுக்கு மீறி இருந்தது என்றே சொல்ல வேண்டும். தரகரே, 'இது தானா தேடி வந்த எடங்க, நான் ஒண்ணும் பண்ணல' என்றார். கமிஷன் வாங்குகிறவர் அப்படிச் சொல்வதில்லை. ஹேமலதா ஃபேக்டரியில் ஷூ வடிவமைப்பாளர். அடுத்த குளிர்காலத்துக்கு ஜெர்மனிக்காரர்கள் போடப்போகிற ஷூ இப்போது அவள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தங்கள் புதல்வரோ ராணிப்பேட்டையில் தோலுக்கான ரசாயனம் விற்கும் கம்பெனியில் இருக்கிறார். விற்பனை விஷயமாக எல்லா ஃபேக்டரிக்கும் போகிறார், ஹேமலதாவின் ஃபேக்டரிக்கும்தான். 'அங்க இவர பாத்திருக்கியாம்மா?' என்று கேட்டேன். 'இல்லப்பா, பாத்ததே இல்ல' என்றாள். தாங்கள் வந்திருந்தபோது தங்கள் புதல்வரையும் கேட்டேன். 'இல்ல சார், பாத்ததே இல்ல' என்றார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதால் அது உண்மைதான் என்று முடிவு செய்தேன். அப்படியானால் மாதம் பல முறை அந்தக் கட்டடத்துக்குள் போகிறவர், அங்கேயே வேலை செய்கிற பெண்ணைப் பார்க்காமல் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்? டிசைனை. என் சந்தேகம் தொடங்கியது அங்கேதான். என் ஒரே மகளைக் கட்டிக்கொண்டு போவதுபோல் வந்து, அவள் வேலையைத் திருடிக்கொண்டு போவதற்கு யாரோ அனுப்பிய ஆள் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வந்தீர்கள். எங்கள் கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. தூக்கி, இடது பக்கம் தள்ளி, முழங்காலால் ஓர் இடி கொடுத்தால்தான் திறக்கும். கரண்ட் ரீடிங் எடுப்பவர் இன்றுவரை வெளியே நின்று கூப்பிடுகிறார். தங்கள் புதல்வர் தூக்கினார், தள்ளினார், இடித்தார், உள்ளே வந்தார். நான்கு நாற்காலிகளில் கால் ஆடுகிற நாற்காலியை விட்டு மற்றொன்றில் உட்கார்ந்தார். ஆடுகிற நாற்காலியில் தாங்கள் உட்கார்ந்தீர்கள். ஹேமலதா காபித் தட்டோடு வந்து, யாரையும் எதுவும் கேட்காமல், சர்க்கரை இல்லாத காபியை அவரிடம் கொடுத்தாள். அவருக்குச் சர்க்கரை போடக் கூடாது என்பது தங்களுக்கே தெரிந்திருக்கவில்லை; 'எப்ப இருந்துடா சக்கர வுட்ட?' என்று தாங்கள் கேட்டது நினைவிருக்கும். ஹேமலதாவின் பக்கம் தவறு இல்லை, தட்டில் அது ஓரத்தில் இருந்திருக்கும். ஆனால் அந்த மனிதர் எங்கள் வீட்டை நீண்ட நாளாக வேவு பார்த்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. இனி மச்சத்தைக் காண்பதுதான் பாக்கி.

வடக்கு ஜன்னல் ஓரத்தில் அவரை உட்கார வைத்தது தற்செயல் அல்ல. காதின் பின்பக்கமும் பிடரியும் சுத்தமாக இருந்தன. சட்டையைக் கழற்ற வைத்தால்தான் மேற்கொண்டு பார்க்க முடியும். அதற்காக இன்னொரு காபியை நானே ஊற்றி எடுத்து வந்தேன். ஆற வைத்துத்தான் எடுத்து வந்தேன் என்பதைத் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்; நான் கொடுமைக்காரன் அல்ல. 'இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க' என்று குனிந்து, கை தவறியது போலச் சாய்த்தேன். அதே நொடியில் ஹேமலதா இருமினாள். தங்கள் புதல்வர் விலகினார். காபி தங்கள் மார்பில் விழுந்தது.

பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து தெரியாது. தாங்கள் கிணற்றடியில் சட்டையையும் பனியனையும் கழற்றிவிட்டு அலசிக்கொண்டிருந்தீர்கள். நான் துண்டோடு வந்தேன். சத்தியமாகத் துண்டு கொடுக்க மட்டுமே வந்தேன். ஆனால் அங்கே கிணற்றுச் சுவரில் பட்டுத் திரும்பும் வடக்கு வெளிச்சம் இருந்தது, அகலமாக ஒரு முதுகு இருந்தது, என் சட்டைப்பையில் பழைய லென்ஸ் இருந்தது. கை பழக்கத்தில் போய்விட்டது. நனைந்தது மார்பு என்பது தெரிந்தும் முதுகைத் துடைத்தேன். 'இன்னாங்க பண்றீங்க?' என்று தாங்கள் கேட்டீர்கள். அதற்கு நான், 'உண்ணிக் கடி இல்ல, கீறல் இல்ல, ஏ கிரேடு' என்று பதில் சொன்னதாகப் பாக்யலட்சுமி அம்மாள் சொல்கிறார்கள். சொல்லியிருப்பேன். அப்போதுதான் இடது தோள்பட்டைக்குக் கீழே அதைப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவு. இத்தனை வருட வாசிப்பில் நான் தேடியது மகனிடம் இல்லை, தந்தையிடம் இருந்தது. கர்னல் விப்பிள் சொன்னபடியே, நான் பார்க்காத இடத்தில்.

'முனீர், கேட்ட சாத்து' என்று கத்தியது அதனால்தான். நான் சொல்லிவைத்தபடி முனீர் ஏற்கெனவே கேட்டுக்கு வெளியே தயாராக இருந்தார். சாத்தியதோடு நில்லாமல் பூட்டினார். மச்சம் உள்ளவரைப் பிடித்ததும் கர்னல் விப்பிள் எதுவும் கேட்பதில்லை. எதிரே நின்று மௌனமாகப் பார்ப்பார், மௌனம் தாங்காமல் எதிராளி தானே எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். நானும் அப்படி நின்றேன். தாங்களும் நின்றீர்கள். தாங்கள் காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனக்காரர்கள் சங்கத் தலைவர், மடைத் தகராறுகளில் எத்தனையோ பேர் எதிரே இப்படி நின்றவர் என்பதை நான் மறந்துவிட்டேன். தங்கள் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. கடைசியில் தோற்றது நான்தான்.

'யாருக்காக வேல செய்றீங்க?' என்று கேட்டேன்.

'ஏரிக்கு' என்றீர்கள்.

இதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். 'எங்க வூட்டுக்காரரு முதுகுல இவருக்கு இன்னா வேல?' என்று பாக்யலட்சுமி அம்மாள் மீனாம்பாளைக் கேட்டார்கள். மீனாம்பாள், 'அவரு வேலையே அதான் அண்ணி, ரிட்டயர் ஆயிட்டாரு' என்றாள். முப்பது வருடத்தில் அவள் எனக்காகப் பரிந்து பேசியது அது ஒரு தடவைதான். அன்றோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள். தாங்கள் உடனே கிளம்ப வேண்டும் என்றீர்கள். நியாயம். ஆனால் முனீர் பூட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போய்விட்டார். அவர் தொழுகையை அவசரமாக முடிக்கிறவர் அல்ல, முடித்த பிறகு மசூதி வாசலில் நாலு பேரோடு பேசாமல் வருகிறவரும் அல்ல. ஆகவே எல்லோரும் மறுபடி கூடத்தில் உட்கார்ந்தோம். சற்றுப் பருமனான தங்கள் தேகத்துக்கு என் சட்டை ஒரு பொத்தான்கூடச் சேரவில்லை. பஜ்ஜி ஆறிவிட்டிருந்தது.

அந்த நேரத்தில்தான், சம்பந்தி அவர்களே, இந்தக் கடிதத்தை எழுத வைத்த சம்பவம் நடந்தது. மேசைமேல் கிடந்த புத்தகத்தைத் தங்கள் புதல்வர் எடுத்தார். ஒன்றும் பேச வழியில்லாத கூடத்தில் மனிதர்கள் எதையாவது எடுத்துப் புரட்டுவது சகஜம். ஆனால் அவர் புரட்டவில்லை. நேராக ஓர் இடத்தைப் பிரித்தார். மார்த்தா பரீட்சையில் தன் சொந்தப் பெயரையே பொய்யாக எழுதி முழு மதிப்பெண் வாங்குகிற இடம். அதைப் படித்து, உதட்டை மடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தார். அந்த இடத்தில் சிரிக்கிற இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. மீனாம்பாளுக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறேன், 'அப்பறம்?' என்றாள். முனீர், 'ஹெட்மாஸ்டர் எப்பிடி இத வுட்டாரு?' என்று கோபப்பட்டார். ஹேமலதா மட்டும்தான் சின்ன வயதில் அங்கே சிரித்தாள், இதே மாதிரி உதட்டை மடித்துக்கொண்டு. ஒற்றராக இருந்தாலும் இவர் எனக்கு மருமகனாக வர வேண்டும் என்று அந்தக் கணத்தில் முடிவு செய்தேன். மாப்பிள்ளை ஆனபின் டிசைனைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தங்களைப் பார்த்து, 'அப்பா, பின்னால ஒரு வழி இருக்குது. மாட்டுக் கொட்டா ஓரமா ஒரு நீலக் கதவு. தாழ்ப்பா கெடையாது' என்றார். எல்லோரும் அந்த வழியாகப் போய்விட்டீர்கள். அந்த நீலக் கதவு எனக்கே மறந்துபோன கதவு. கொட்டகையில் மாடு இருந்த காலத்தில் சாணம் அள்ளுகிறவர்களுக்காக வைத்தது.

அன்று அந்தி சாய்கையில் முனீரும் அவர் மகள் அலீனாவும் சாவியைக் கொண்டுவந்தார்கள். அலீனா வாணியம்பாடியில் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். நடந்ததையெல்லாம் சொல்லி, ஆதாரத்துக்குப் புத்தகத்தையும் காட்டினேன். அந்தப் பக்கத்தைப் படித்தாள். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

'அங்கிள், இது ஒடம்புல இருக்கற மச்சம் இல்ல. இங்கிலீஷ்ல மோல்னு ஒரு பிராணி இருக்குது. பெருச்சாளி மாதிரி மண்ணுக்குள்ளயே வளை தோண்டிட்டு இருக்கும். மச்சத்துக்கும் அங்க அதான் பேரு. நம்ம கூடவே இருந்துட்டு வெளிய சேதி சொல்றவன அப்பிடி சொல்லுவாங்க. மொழிபெயர்த்தவரு வேற மோல எடுத்துட்டாரு.'

'அப்ப டீ குடுத்தது?' என்றேன்.

'அது ஆளு, அங்கிள்.'

முனீர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். 'இன்னா பேஜாருப்பா இது. அப்ப நான் கேட்ட எதுக்குப் பூட்டனேன்?' என்று கேட்டார். அலீனா விடவில்லை, மற்றவற்றையும் சரிசெய்தாள். கர்னல் விப்பிள், 'இந்த அறையில் பூச்சி இருக்கிறது, வெளியே போய்ப் பேசுவோம்' என்று அடிக்கடி சொல்வார். அந்தப் பள்ளியில் சுகாதாரம் போதாது என்று நினைத்திருந்தேன். அது ஒட்டுக் கேட்கும் கருவியாம். 'மார்த்தாவின் கைப்பிடி ரயிலில் கொல்லப்பட்டது' என்று ஒரு வரி உண்டு. கைப்பிடி என்பது அவளுக்கு உத்தரவு கொடுத்து நடத்துகிற ஆளாம். அதை நான் எப்படிப் புரிந்துகொண்டிருந்தேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. என் இத்தனை வருட வாசிப்பு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தீர்ந்தது. அன்றே மறுபடி படித்துப் பார்த்தேன். இப்போது எல்லாம் புரிகிறது. முன்பு இருந்த அளவுக்கு நன்றாக இல்லை.

ஆகவே தங்கள் மீதான குற்றச்சாட்டை முழுமையாகவும் நிபந்தனையின்றியும் திரும்பப் பெறுகிறேன். தங்கள் முதுகில் இருப்பது வெறும் மச்சம். சாமுத்திரிகா லட்சணப்படி அந்த இடத்து மச்சம் பொறுமையைக் குறிக்கும். அதை நானே நேரில் கண்டேன். தோல் பற்றி நான் சொன்னது மட்டும் மாறாது. அது ஏ கிரேடுதான். தங்கள் புதல்வருக்கு எங்கள் வீட்டின் தாழ்ப்பாளும் நாற்காலியும் நீலக் கதவும் எப்படித் தெரிந்தன என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை. ஹேமலதாவிடம் கேட்டேன். கூகுள் மேப்பில் இருக்கும் என்றாள். இருக்கலாம். என் சட்டையைத் திருப்பி அனுப்பும் சிரமம் வேண்டாம். தையல் எல்லாம் விட்டிருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். இதுவரை வேடிக்கையாகப் பட்டிருந்தால் அது என் எழுத்தின் குறை. ஞாயிற்றுக்கிழமை தங்கள் கார் போன பிறகு ஹேமலதா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. 'அப்பா, இந்த எடம் போச்சுன்னா இன்னொரு தடவ நான் காபித் தட்டு தூக்க மாட்டேன்' என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஃபேக்டரியில் ஒரு முழு லோடு ரிஜெக்ட் ஆனால் மேனேஜர்கள் கத்துவார்கள். கத்தாத மேனேஜரைக் கண்டால்தான் நாங்கள் பயப்படுவோம். 'நான் லெட்டர் எழுதறேம்மா' என்றேன். 'நல்லா எழுதுங்க. எழுத எழுத எங்கிட்ட குடுங்க, பிழை பாத்துத் தர்றேன்' என்றாள். அப்படியே பக்கம் பக்கமாக வாங்கி, கையில் செல்போனோடு தன் அறைக்குக் கொண்டுபோய்ப் பிழை பார்த்துத் தருகிறாள். இதுவரை ஒரு பிழையும் காணவில்லை போலும். ஒரு திருத்தமும் இல்லை. அவளுக்காகத்தான் கேட்கிறேன். என் முட்டாள்தனத்துக்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். எங்கள் தெருவில் எல்லோர் எதிரிலும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தங்கள் முன் நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன். பிள்ளைகள் இருவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், முன்பின் பார்த்திராதவர்கள், நம்மால் அவர்கள் ஆரம்பிக்காமலேயே முடிந்துபோகக் கூடாது.

பாக்யலட்சுமி அம்மாளுக்கு என் வணக்கமும், மீனாம்பாள் பேசத் தொடங்கியதும் அவளுடைய வணக்கமும். சிரஞ்சீவி செல்வகுமாருக்கு ஆசீர்வாதம். தங்கள் ஏரியில் தண்ணீரும், தங்கள் மடைகளில் சமாதானமும், தங்கள் தோளில் அந்த மச்சமும் நீடூழி நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை நம்பியிருக்கும்,
பஞ்சாட்சரம்.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு, கடைசிப் பக்கத்தையும் பிழை பார்க்கக் கொடுத்து வாங்கி, உறை தேடிக்கொண்டிருந்தபோது தாங்கள் தொலைபேசியில் கூப்பிட்டீர்கள். 'சம்பந்தி, என் முதுகுக்கு ஏ கிரேடு குடுத்திருக்கீங்களாமே, எங்க வூட்டுல அத தெருவுக்கே சொல்லிட்டாங்க' என்றீர்கள். '"சற்றுப் பருமனான"ன்னு ஒரு வார்த்த வருது, அத மட்டும் எடுத்துடுங்க' என்றீர்கள். 'தெருவுல நீங்க சட்டைய கழட்ட வேணாம், வர்ற முகூர்த்தத்துல தட்டு மாத்திக்கலாம்' என்றீர்கள். நானும் சரி என்று சொல்லி, நன்றி சொல்லி, போனை வைத்தேன். வைத்த பிறகுதான் கடிதம் என் முன்னால் மேசைமேல் இருப்பதைப் பார்த்தேன். தபால் தலைகூட இன்னும் வாங்கவில்லை.

மீனாம்பாளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், பேசினாள் என்றே வைத்துக்கொள்ளலாம். முனீர் வந்து, நடந்ததைக் கேட்டு, 'தோஸ்த், அப்ப உன் வூட்டுக்குள்ள ஒரு மச்சம் இருக்குதுப்பா, யாரு அது?' என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். முகம் மாறாமல் சொன்னதாகத்தான் நினைக்கிறேன்.

'சற்றுப் பருமனான' என்பதை அடித்துவிட்டேன். தாங்கள் முழுவதையும் ஏற்கெனவே படித்துவிட்டபடியால் கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. இந்தப் பின்குறிப்பை மட்டும் இன்னும் பிழை பார்க்கக் கொடுக்கவில்லை. கொடுத்ததும் தங்களுக்குக் கிடைத்துவிடும்.